கணனித் திரை வாங்கப் போகிறீர்களா? எழுத்துப் பெரிதாகவும் தெளிவாகவும் தெரிய வழி

புலம்பெயர்ந்து வந்து குடியேறியுள்ள எம்மவர்களுக்குக் கடிதம் என்பது சாதாரண விடயமல்ல. வதிவிட அனுமதி, பிள்ளையின் பள்ளிக்கூட அனுமதி, வைத்தியசாலை நேரம், வாடகை உதவி என எல்லாமே கடிதத்தில்தான் தங்கியிருக்கின்றன. அக்கடிதங்கள் இப்போது உறையை விட்டுக் கணனித் திரைக்கு இடம் மாறிவிட்டன. டென்மார்க்கில் 2014 நவம்பர் முதல் அரச அலுவலகக் கடிதங்கள் மின்தபால் பெட்டிக்கே வருகின்றன. விலக்குக் கேட்டுப் பெற்றவர்களுக்கு மட்டுமே காகிதக் கடிதம். பிரித்தானியாவில் வதிவிட அட்டைகளின் இடத்தை ஈ-விசா பிடித்துக்கொண்டது; பெரும்பாலான அட்டைகள் 2024 டிசெம்பர் 31 உடன் காலாவதியாகிவிட்டன. கனடாவினுள் இருந்து அகதிக் கோரிக்கை வைப்பவர்களும் படிவங்களை இணையவழியே நிரப்புகின்றனர்.

இந்த மாற்றத்தினால் வீட்டிலுள்ள மூத்தவர்கள் பாடுதான் கஷ்டம். தாளில் எழுதிய கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக் கண்ணாடியைச் சற்று இறக்கி, எப்படியோ வாசித்துவிடுவார்கள். திரையில் அது நடப்பதில்லை. "தம்பி, இதை ஒருக்கால் வாசிச்சுச் சொல்லு" என்று பத்து வயதுப் பேரனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. வைத்தியர் எழுதிய நோய் விபரம், வழக்கறிஞர் கேட்ட கேள்வி, வங்கிக் கணக்கின் மிச்சம் எல்லாம் பிள்ளையின் வாய் வழியாகவே வர வேண்டியுள்ளது. மொழி தெரியாததால் வரும் சிரமம் வேறு. மொழி தெரிந்தும், எழுத்துத் தெரியாததால் வரும் சிரமம் இது. மங்கலான திரையில் 3 என்ற இலக்கம் 8 ஆகவும், 5 என்ற இலக்கம் 6 ஆகவும் தெரிந்தால், நேர்முக விசாரணைத் திகதியே பிழைத்துப் போகலாம்.

ஆகவே வீட்டுக்கு ஒரு கணனித் திரை வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும், வாங்கியபின் எப்படிச் சரிப்படுத்த வேண்டும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் பாருங்கள்

கடையில் ஒவ்வொரு திரைக்கும் இரண்டு அளவுகள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று, மூலைக்கு மூலை அளந்த அங்குல அளவு. 24, 27, 32 என்பவை அவ்வாறானவை. மற்றையது பிரிதிறன். கடைக்காரர் இதை ரெசலூஷன் என்பார். திரையில் குறுக்காக எத்தனை படப்புள்ளிகள், நெடுக்காக எத்தனை படப்புள்ளிகள் உள்ளன என்பதையே அது குறிக்கும். ஃபுல் எச்.டி எனப்படும் திரையில் 1920 × 1080 புள்ளிகள் உள்ளன. பெருக்கினால் 20 இலட்சத்துக்குச் சற்று மேல். 4கே எனப்படும் திரையில் 3840 × 2160. அதாவது அதன் நான்கு மடங்கு.

அங்குலம் கூடினால் எழுத்துப் பெரிதாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். புள்ளி கூடினால் எழுத்துத் திறமாகத் தெரியும் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டுமே அரைகுறை உண்மைகள். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் அடுக்கப்பட்டுள்ளன என்பதே எழுத்தின் பருமனைத் தீர்மானிக்கிறது. விண்டோஸ் கணனியில் எந்தப் பெருப்பித்தலும் செய்யாத நிலையில், 12 அளவுள்ள எழுத்துக்கு 16 புள்ளி உயரம் ஒதுக்கப்படுகிறது. அந்த 16 புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் எழுத்துச் சிறுக்கும். அகன்று இருந்தால் பெருக்கும். அதே எழுத்து வெவ்வேறு திரைகளில் எத்தனை மில்லிமீற்றர் உயரம் வருகிறது என்று பாருங்கள்:

24 அங்குலம், 1920 × 1080: அங்குலத்துக்கு 92 புள்ளி, எழுத்து 4.4 மி.மீ.
27 அங்குலம், 1920 × 1080: அங்குலத்துக்கு 82 புள்ளி, எழுத்து 5.0 மி.மீ.
27 அங்குலம், 2560 × 1440: அங்குலத்துக்கு 109 புள்ளி, எழுத்து 3.7 மி.மீ.
27 அங்குலம், 3840 × 2160: அங்குலத்துக்கு 163 புள்ளி, எழுத்து 2.5 மி.மீ.
32 அங்குலம், 1920 × 1080: அங்குலத்துக்கு 69 புள்ளி, எழுத்து 5.9 மி.மீ.
15.6 அங்குல மடிக்கணனி, 1920 × 1080: அங்குலத்துக்கு 141 புள்ளி; எழுத்து 2.9 மி.மீ.

விலை கூடிய 4கே திரையில்தான் எழுத்து மிகச் சிறிதாக இருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? "கூடக் காசு கொடுத்து வாங்கினேன், அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று பலர் சலித்துக்கொள்வதன் காரணம் இதுதான். பழுது திரையில் இல்லை. அதைச் சரிப்படுத்தாமல் விட்டதுதான் பிரச்சினை.

பழைய வழி இன்று சரிவராது

எழுத்துச் சிறிதாக இருந்தால் பிரிதிறனைக் குறைத்துவிடுங்கள் என்று தெரிந்தவர்கள் ஆலோசனை சொல்வதுண்டு. 1990களில் அது நல்ல ஆலோசனைதான். அன்றிருந்தவை பின்புறம் பருத்த, பாரமான கண்ணாடிக் குழாய்த் திரைகள். அவற்றில் 800 × 600 என்பதை 640 × 480 ஆகக் குறைத்தால், எழுத்துப் பெரிதாகும். தெளிவும் பெரிதாகக் கெடாது. குழாயினுள் ஓடும் மின்கற்றை எத்தனை கோடுகளாகவும் படத்தை வரைந்துகொள்ளும்.

இன்றைய தட்டைத் திரை அப்படியல்ல. அதில் புள்ளிகள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டவை; கூட்டவோ குறைக்கவோ முடியாது. 1920 புள்ளியுள்ள திரையை 1280 ஆகக் காட்டச் சொன்னால், ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளியில் பரப்ப வேண்டி வருகிறது. அரைப் புள்ளி என்று ஒன்று இல்லாததால், கணனி பக்கத்துப் புள்ளிகளில் சாம்பல் நிறத்தைப் பூசிச் சமாளிக்கிறது. எழுத்துப் பெரிதாகிறது, ஆனால் தண்ணீர் பட்ட மை போல ஊறிப் போகிறது. அரை மணி நேரம் வாசித்தால் கண் உளையும்.

எனவே முதலாவது விதி: பிரிதிறனை அத்திரைக்குரிய முழு அளவிலேயே விடுங்கள். அமைப்புப் பக்கத்தில் அந்த அளவுக்குப் பக்கத்தில் "பரிந்துரைக்கப்படுவது" என்ற பொருள்தரும் சொல் எழுதப்பட்டிருக்கும். எழுத்தைப் பெரிதாக்க வேறொரு வழி உண்டு. அதன் பெயர் ஸ்கேல். இதைக் கூட்டும்போது, கணனி எழுத்தை இழுத்துப் பரப்புவதில்லை. கூடுதலான புள்ளிகளைக்கொண்டு புதிதாக வரைகிறது. 16 புள்ளி உயரத்தில் வரைந்த எழுத்தை 150 வீதத்தில் 24 புள்ளியிலும், 200 வீதத்தில் 32 புள்ளியிலும் வரையும். சின்ன எழுத்தைப் போட்டோப் பிரதி இயந்திரத்தில் பெருப்பிப்பதற்கும், அதையே கூரான பேனையால் பெரிதாக எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

தமிழுக்கு ஏன் கூடுதற் கவனம்?

ஆங்கில எழுத்துகள் பெரும்பாலும் நேர்கோடுகளும் சில வளைவுகளும். 16 புள்ளி உயரத்தில் அவை எப்படியோ பிழைத்துக்கொள்ளும். தமிழ் எழுத்து சுழிகளால் ஆனது. இரண்டு சுழி னகரத்துக்கும் மூன்று சுழி ணகரத்துக்கும் ஒரு சுழிதான் வேறுபாடு. அந்தச் சுழி மங்கினால் மனம் எது, மணம் எது என்று தெரியாது. ஒற்றைச் சுழிக் கொம்பும் இரட்டைச் சுழிக் கொம்பும் கலங்கினால் வெல் என்பதும் வேல் என்பதும் ஒன்றாகிவிடும். மெய்யெழுத்தின் மேலுள்ள குற்றுக்கோ ஓரிரு புள்ளி இடந்தான் கிடைக்கிறது. அது மறைந்தால் பல் பல ஆகிவிடும். கண் கண ஆகிவிடும்.

பழகிய கண் சொல்லை ஊகித்து வாசித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் இங்கு பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு அந்த ஊகம் கிடையாது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் அரிச்சுவடி படிக்கும் பிள்ளை, வீட்டுக் கணனியில் ணகரத்தையும் னகரத்தையும் பிரித்தறிய முடியாவிட்டால், எழுத்துப் பிழையோடுதான் வளரும். ஆகவே தமிழ் வாசிக்கும் வீட்டில் எழுத்தின் பருமனோடு, அந்த எழுத்தை எத்தனை புள்ளிகளால் வரைகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது மேலேயுள்ள பட்டியலுக்குத் திரும்புவோம். 27 அங்குல ஃபுல் எச்.டி திரையில் எழுத்து 5 மி.மீ. உயரம், 16 புள்ளியால் வரைந்தது. 27 அங்குல 4கே திரையில் ஸ்கேலை 200 வீதமாக வைத்தால் எழுத்து அதே 5 மி.மீ. உயரந்தான்; ஆனால் 32 புள்ளியால் வரைந்தது. பருமன் மாறவில்லை, ஒவ்வொரு சுழிக்கும் குற்றுக்கும் நான்கு மடங்கு புள்ளிகள் கிடைத்துவிட்டன. 4கே திரையின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு எது பொருத்தம்?

கையில் காசு குறைவு என்றால்: 24 அங்குல ஃபுல் எச்.டி திரை போதும். பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை. ஸ்கேலை 125 வீதமாக வைத்தால் எழுத்து 5.5 மி.மீ. ஆகும், 20 புள்ளியால் வரையப்படும். பெருப்பிக்காத 27 அங்குல ஃபுல் எச்.டி திரையைவிட இது பெரிது, தெளிவும் கூட. 150 வீதம் வைத்தால் 6.6 மி.மீ. வரும். ஒரு குறை: பெருப்பிக்கப் பெருப்பிக்கத் திரையில் கொள்ளும் விடயம் குறையும். 150 வீதத்தில் 1280 × 720 புள்ளித் திரையில் கொள்ளுமளவே கொள்ளும். நீளமான படிவங்களின் கீழுள்ள அனுப்பும் பொத்தானைக் காண அடிக்கடி கீழே உருட்ட வேண்டி வரும்.

மூத்தவர்கள் நாள்தோறும் பாவிக்கும் வீடு, கொஞ்சம் காசும் ஒதுக்கலாம் என்றால்: 27 அங்குல 4கே திரையை 200 வீத ஸ்கேலில் வைப்பது நல்ல தெரிவு. ஃபுல் எச்.டி திரையில் கொள்ளும் அத்தனையும் கொள்ளும். எழுத்து அச்சுப் புத்தகம் போல இருக்கும். ஆனால் வாங்குமுன் கணனியையும் பாருங்கள். பழைய கணனிகளின் எச்.டி.எம்.ஐ 1.4 இணைப்பு 4கே படத்தைச் செக்கனுக்கு 30 தடவைதான் புதுப்பிக்கும். அதில் அம்புக்குறி இழுபட்டு ஓடுவது போலத் தெரியும். அப்படியான கணனிக்கு 4கே வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம்.

உயர்கல்வி படிக்கும் பிள்ளையும் பெற்றோரும் ஒரே திரையைப் பாவித்தால்: 27 அங்குல 2560 × 1440 திரை நடுத்தரமானது. பிள்ளைக்கு 100 வீதம், பெற்றோருக்கு 150 வீதம் என மாற்றிக்கொள்ளலாம். 150 வீதத்தில் எழுத்து 5.6 மி.மீ. வரும்.

மடிக்கணனி மட்டுமே உள்ள வீடு: மலிவான 15.6 அங்குல மடிக்கணனிகள் சிலவற்றில் 1366 × 768 புள்ளிகளே உண்டு. அதில் 150 வீதம் வைத்தால் 911 × 512 அளவு இடந்தான் மிஞ்சும். படிவமொன்றை நிரப்புவது பெரும்பாடு. புதிய மடிக்கணனி வாங்குவதிலும் பார்க்க, உள்ளதோடு ஒரு 24 அங்குலத் திரையை இணைப்பது மலிவு.

தவிர்க்க வேண்டியது: மேசையில் வைத்து வாசிக்க 32 அங்குல ஃபுல் எச்.டி திரை. எழுத்துப் பெரிதுதான், ஆனால் அதே 16 புள்ளிகள் அகன்று கிடப்பதால் ஓரங்கள் படிக்கட்டுப் போலத் தெரியும். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைக் கணனிக்குப் பாவிப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். எச்.டி ரெடி என்று எழுதியுள்ள மலிவான 32 அங்குலப் பெட்டிகள் பலவற்றில் 1366 × 768 புள்ளிகளே உண்டு. தூர இருந்து படம் பார்க்க அது போதும். கிட்ட இருந்து கடிதம் வாசிக்கப் போதாது.

சரிப்படுத்தும் முறை

விண்டோஸ் 11 கணனியில், திரையின் வெறுமையான இடத்தில் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, டிஸ்ப்ளே செற்றிங்ஸ் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அங்கே ஸ்கேல் என்ற வரியில் 100, 125, 150 என வீதங்கள் இருக்கும். அதையடுத்து உள்ளது பிரிதிறன். அதில் கை வைக்காதீர்கள். உங்கள் கணனி ஜேர்மன், பிரெஞ்சு, நோர்வேஜியன் மொழிகளில் இருந்தால் சொற்கள் மாறும். ஆனால் வீதக் குறியோடு உள்ளது ஸ்கேல், பெருக்கற் குறியோடு உள்ளது பிரிதிறன் என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். அணுகல் வசதிகள் என்ற பகுதியில் எழுத்தை மட்டும் 225 வீதம்வரை கூட்டும் வசதியும் உண்டு.

அப்பிள் மக் கணனியில் சிஸ்டம் செற்றிங்ஸ் என்பதில் டிஸ்ப்ளேஸ் பகுதிக்குச் சென்று, பெரிய எழுத்தைக் குறிக்கும் பக்கத்திலுள்ள படத்தை அழுத்துங்கள்.

இணையப் பக்கம் ஒன்றை மட்டும் பெரிதாக்க, கொன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டற் குறியை அழுத்துங்கள். கழித்தற் குறி சிறிதாக்கும். பூச்சியம் பழைய அளவுக்குக் கொண்டுவரும். மக் கணனியில் கொன்ட்ரோலுக்குப் பதில் கொமாண்ட் விசை. மூத்தவர்களுக்கு வேறொன்றும் சொல்லிக்கொடுக்க நேரமில்லாவிட்டாலும் இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள்; ஒரு தாளில் எழுதித் திரையின் கீழே ஒட்டிவிடுங்கள்.

இன்னொரு முக்கிய விடயம்: விண்டோஸ் கணனியில் ஆளுக்கொரு கணக்குத் திறக்கலாம். அம்மாவின் கணக்கில் 150 வீதம், மகனின் கணக்கில் 100 வீதம் என்று வைத்தால், ஒருவர் மாற்றியதை மற்றவர் மாற்றும் சண்டை வராது. அம்மாவின் கடிதங்களும் அவரது கடவுச்சொல்லின் பின்னால் அவருக்கே உரியதாக இருக்கும்.

கண்ணாடியும் தூரமும்

நாற்பது வயதுக்குப்பின் வரும் வெள்ளெழுத்துக்கு வாங்கும் வாசிப்புக் கண்ணாடி, கையில் பிடித்த புத்தகத்தின் தூரத்துக்கு, ஏறத்தாழ 40 செ.மீ. அளவுக்குச் செய்யப்படுவது. திரையோ 50 முதல் 70 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் வாசிப்புக் கண்ணாடி போட்டும் திரை மங்குகிறது. மேலும் கீழும் இரண்டு பிரிவுள்ள கண்ணாடி அணிபவர்கள் கீழ்ப் பிரிவால் பார்க்கத் தலையை அண்ணாந்து கழுத்து நோவை வாங்கிக்கொள்கிறார்கள். கண் பரிசோதனைக்குப் போகுமுன், கதிரையில் வழக்கம்போல் அமர்ந்து, கண்ணுக்கும் திரைக்கும் இடையிலுள்ள தூரத்தை அளவுநாடாவால் அளந்து எழுதிக்கொண்டு செல்லுங்கள். கண்ணாடி எழுதித் தருபவரிடம் அந்த இலக்கத்தைக் காட்டினால், அதற்கேற்ற வில்லையைத் தருவார்.

எழுத்தை எவ்வளவு பெரிதாக்கியும் கோடுகள் நெளிந்தோ, நடுவில் மறைந்தோ தெரிந்தால் அது திரையின் குறையல்ல. விழித்திரையில் நோய் இருக்கலாம். குறிப்பாக நீரிழிவு உள்ளவர்கள் தாமதியாமல் கண் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

யன்னலுக்கு எதிரே திரையை வைக்காதீர்கள். யன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். பழைய வீ.ஜீ.ஏ கம்பியால் இணைத்திருந்தால் எழுத்தில் நிழல் விழும், எச்.டி.எம்.ஐ கம்பிக்கு மாற்றுங்கள்.

கடையில் ஒரு பரீட்சை

திரை வாங்கப் போகும்போது, அதைப் பாவிக்கப் போகிறவரையும் கூட்டிச் செல்லுங்கள். அவரது கண்ணாடியையும் மறக்க வேண்டாம். கடையில் ஓடும் வண்ணப் படங்களைப் பார்த்து மயங்காமல், ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்துகாட்டும்படி கேளுங்கள். ஒரு கை நீளத் தூரத்தில் நின்று மனம், மணம், வெல், வேல், பல, பல் ஆகிய சொற்களையும், 3, 8, 5, 6 ஆகிய இலக்கங்களையும் அவர் தடுமாறாமல் வாசிக்கிறாரா என்று பாருங்கள். வாசிக்காவிட்டால் ஸ்கேலைக் கூட்டி மறுபடியும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இணையவழி வாங்கும் திரையைக் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. கடையில் நேரில் வாங்குவதானால், திருப்பி எடுப்பார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிய திரை வாங்க வசதியில்லாதவர்கள் இன்று மாலையே செய்யக்கூடியதும் உண்டு. உள்ள திரையின் பிரிதிறனை அதற்குரிய முழு அளவுக்குக் கொண்டுவந்து, ஸ்கேலை ஒரு படி கூட்டிப் பாருங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. பல வீடுகளில் அதுவே போதும். இந்தப் பக்கத்தை வெட்டியெடுத்துக் கணனிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; அயலிலே புதிதாக வந்திறங்கிய குடும்பத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அடுத்த கடிதம் வரும்போது அம்மாவோ அப்பாவோ அதைத் தாமே திறந்து, தாமே வாசிக்கட்டும்.